மரை தேய்ந்தது... மதிப்புமா தேய்ந்தது?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)



நம் ஊரில் ஒருவன் கொஞ்சம் ஏடாகூடமாகப் பேசிவிட்டால் போதும். "அவனுக்கு மரை கழண்டு போச்சுப்பா!" என்று சொல்லிச் சிரிப்போம். முதன்முதலில் இதைச் சொன்னவர் நிச்சயம் ஒரு பட்டறைக்காரராகத்தான் இருந்திருக்க வேண்டும். அந்தச் சிரிப்புக்குள் ஒரு தீர்ப்பும் இருக்கிறது. மரை போனால் எல்லாம் போச்சு, இனி அது உருப்படாது என்ற தீர்ப்பு!

இந்தத் தீர்ப்பு மனிதனுக்கும் பொருந்தாது, இயந்திரத்துக்கும் பொருந்தாது என்பதே இக்கட்டுரையில் என் கட்சி. கவிதையும் துணுக்கும் நிறைந்த ஆண்டு மலரில் போல்ட்டும் நட்டும் எதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம் பணிமனையில் நடக்கும் ஒரு விஷயம் இது. நம் எல்லோருடைய கையையும் பாதிக்கிற விஷயம்.

ஏழாம் எண் லேத்

நம் மெஷின் ஷாப்பில் கதவுக்கு நேரே வரிசையாக நிற்கும் லேத்துகளில் ஏழாவதைப் பார்த்திருப்பீர்கள். பெயர்ப்பலகையில் 1961 என்று பொறித்திருக்கும். கழுத்தில் ஒரு அட்டை தொங்கும்: 'பழுது'. நான் முதலாம் ஆண்டு சேர்ந்தபோதே அந்த அட்டை தொங்கியது. இப்போது மூன்றாம் ஆண்டு முடிக்கப் போகிறேன். அட்டையின் எழுத்து மங்கிவிட்டது, அட்டை மட்டும் அப்படியே இருக்கிறது.

அதற்கு என்ன நோய்? மோட்டார் ஓடுகிறது. கியர்பாக்ஸ் நன்றாக இருக்கிறது. பெட்டின் வழித்தடத்தில் பெரிய தேய்மானம் இல்லை. லீட் ஸ்குரூவின் வலது முனையைத் தாங்கும் பிராக்கெட்டை பெட்டோடு சேர்த்துப் பிடிக்கும் இரண்டு போல்ட்டுகளின் துளைகளில் மரை தேய்ந்துவிட்டது. அவ்வளவுதான்! போல்ட் சுற்றிக்கொண்டே இருக்கிறது, இறுகவில்லை. பிராக்கெட் ஆடுகிறது. பிராக்கெட் ஆடினால் லீட் ஸ்குரூ ஆடும். லீட் ஸ்குரூ ஆடினால் அந்த லேத்தில் மரை வெட்ட முடியாது.

வேடிக்கையைப் பாருங்கள். மரை வெட்டுவதற்கென்றே பிறந்த இயந்திரம், தன் உடம்பில் இரண்டு துளையில் மரை தேய்ந்ததால் மூலையில் நிற்கிறது!

இதனால் யாருக்கு நஷ்டம்? ஒரு பேட்சில் முப்பது பேர். ஓடுகிற லேத்துகளோ சில. ஒரு லேத்தைச் சுற்றி ஐந்து பேர் நிற்கிறோம். வாய் உள்ளவன் முன்னால் போய் ஹேண்டிலைப் பிடித்துக்கொள்கிறான். கூச்சப்படுகிறவன் பின்னால் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, ரெக்கார்டு நோட்டில் 'செய்முறை' என்று அழகாக எழுதிக் கொடுத்துவிடுகிறான். அந்தக் கூச்சப்படுகிறவர்கள் பெரும்பாலும் யார்? வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள்தான். அடுத்த ஆண்டு இண்டர்வியூவில் ஒரு ஜாபைக் கையில் கொடுத்து 'செய்து காட்டு' என்றால் யார் கை நடுங்கும் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

இப்போது அந்த லேத்தோடு இன்னும் மூன்று இயந்திரங்களைக் 'கண்டம்' பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். பட்டியல் கையெழுத்தாகிவிட்டால் அடுத்த ஊர் காயலாங்கடை! அதற்கு முன் நாலு வார்த்தை பேசிவிட வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

வார்ப்பிரும்பின் குணம்

மரை ஏன் தேய்கிறது? முதலில் வார்ப்பிரும்பின் குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். மெட்டீரியல் பாடத்தில் படித்ததுதான். சாம்பல் வார்ப்பிரும்பில் கரி ஏறத்தாழ இரண்டரை முதல் நான்கு சதவீதம் இருக்கும். அதில் பெரும்பகுதி கிராஃபைட் செதில்களாக உள்ளே பரவிக் கிடக்கும். இந்தச் செதில்கள்தான் அதன் வரமும் சாபமும்.

வரம் என்ன? அதிர்வை விழுங்கும். அதனால்தான் லேத் பெட்டை வார்ப்பிரும்பில் செய்கிறார்கள். அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். வெட்டும்போது கிராஃபைட்டே மசகு போல வேலை செய்வதால் ஆயில் இல்லாமலேயே துளையிடலாம். சாபம் என்ன? ஒவ்வொரு செதிலும் உள்ளே ஒரு சின்ன விரிசல் மாதிரி. இழுத்தால் அங்கிருந்து பிளக்கும். அழுத்தத்தைத் தாங்கும் வலிமையில் மூன்றில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்குதான் இழுவிசையைத் தாங்கும். வளைந்து கொடுக்கத் தெரியாது. எஃகில் வெட்டிய மரை அதிக விசையில் கொஞ்சம் நெளியும். வார்ப்பிரும்பில் வெட்டிய மரை நெளியாது, பொடிப்பொடியாக உதிரும்.

கணக்கிலும் பாருங்கள். ஐ.எஸ். 210 தரப்படி எஃப்.ஜி. 200 வார்ப்பிரும்பின் இழுவலிமை 200 மெகாபாஸ்கல். அதில் நாம் திருகும் 8.8 தர போல்ட்டின் இழுவலிமை 800. இரண்டும் கட்டிப் புரண்டால் யார் தோற்பார்? நாலு ரூபாய் போல்ட் தப்பிக்கும், நாலு டன் இயந்திரத்தின் துளை சாகும்! இதனால்தான் டிசைன் பாடத்தில் ஒரு விதி சொல்கிறார்கள்: எஃகுத் துளையில் போல்ட் அதன் விட்டத்தளவு உள்ளே இறங்கினால் போதும், வார்ப்பிரும்பில் ஒன்றரை மடங்காவது இறங்க வேண்டும். அடிக்கடி கழற்றி மாட்டும் இடத்தில் போல்ட்டுக்குப் பதில் ஸ்டட் வைக்கச் சொல்வதும் இதனால்தான். ஸ்டட் துளைக்குள் அசையாமல் இருக்கும். கழன்று மாட்டுவது வெளியே இருக்கும் நட் மட்டுமே. தேய்ந்தால் நட் தேயட்டும், தூக்கிப் போட்டு வேறு நட் போட்டுக்கொள்ளலாம்.

எது தேய வேண்டும், எது தேயக் கூடாது என்பதை முன்கூட்டியே முடிவு செய்வதுதான் நல்ல டிசைன். லேத்தின் கிராஸ் ஸ்லைடு நட்டை கன்மெட்டலில் செய்வதும் அதற்காகத்தான். ஸ்குரூவைக் காப்பாற்ற நட் தன்னைத் தேய்த்துக்கொள்கிறது.

கொலைகாரன் யார்?

ஆனால் ஏழாம் எண் லேத்தின் மரை வயதாகித் தேயவில்லை. அது கொலை! கொலைகாரன் யார் என்றால், தவறான போல்ட்.

கொஞ்சம் சரித்திரம் பார்ப்போம். ஒரு காலத்தில் ஒவ்வொரு பட்டறைக்கும் ஒவ்வொரு மரை. ஒரு பட்டறை போல்ட் இன்னொரு பட்டறை நட்டில் ஏறாது. இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் பல பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளைத் திரட்டி, அளந்து, நடுத்தரமான ஒரு முறையை 1841-இல் முன்வைத்தார். மரையின் கோணம் 55 டிகிரி. ஒவ்வொரு விட்டத்துக்கும் அங்குலத்துக்கு இத்தனை மரை என்று வகுத்தார். அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864-இல் 60 டிகிரியில் வேறொரு முறை கொண்டுவந்தார். இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் தளவாடங்களில் ஒருவர் போல்ட் மற்றவர் நட்டில் ஏறாமல் திண்டாடினார்கள். பிறகுதான் 1948-இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் சேர்ந்து ஒருமைப்படுத்திய மரைக்கு ஒப்புக்கொண்டன. நம் நாட்டில் 1956-இல் எடை, அளவைத் தரச் சட்டம் வந்து மெட்ரிக் முறைக்கு வழி திறந்தது. ஆனால் சட்டம் வந்த மறுநாளே எல்லா இயந்திரமும் மாறிவிடுமா? அறுபதுகளில் செய்த பல இயந்திரங்களில் விட்வொர்த் மரைதான். நம் ஏழாம் எண்ணிலும் அரை அங்குல பி.எஸ்.டபிள்யூ. மரை.

இப்போது நடந்ததை ஊகித்துக்கொள்ளுங்கள். என்றோ ஒரு நாள் பழைய போல்ட் தொலைந்திருக்கிறது. ஸ்டோரில் இருந்தது எம் 12. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். அரை அங்குலம் என்றால் 12.7 மி.மீ., எம் 12 என்றால் 12 மி.மீ. ஆகவே துளைக்குள் சுலபமாகப் போய்விடும். ஆனால் அரை அங்குல விட்வொர்த்தில் அங்குலத்துக்கு 12 மரை, அதாவது பிட்ச் 2.117 மி.மீ. எம் 12-இன் பிட்ச் 1.75 மி.மீ. ஒவ்வொரு சுற்றுக்கும் 0.37 மி.மீ. வித்தியாசம்! இரண்டு சுற்று ஏறும், பிறகு சிக்கும். "என்னடா இறுகுது... ஸ்பேனருக்குப் பைப்பை மாட்டி ஒரு இழு இழு!" இழுத்தால் இறங்கும்தான். மரையை உதிர்த்துக்கொண்டே இறங்கும். ஒரு நாள் பிடிக்கும், ஒரு வாரம் பிடிக்கும், அப்புறம் அட்டை தொங்கும்.

ஒரு மரை அளவியை எடுத்து வைத்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? அரை நிமிடம்! அரை நிமிடச் சோம்பலுக்கு ஒரு லேத் பலி.

வைத்தியம் உண்டா?

உண்டு, ஒன்றல்ல, பல உண்டு. செலவு குறைந்ததிலிருந்து சொல்கிறேன்.

முதலாவது, பார்ப்பது! துளையை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, டார்ச் அடித்து, ஆழத்தை அளந்து பார்க்க வேண்டும். போல்ட் எட்டாத ஆழத்தில் மரை புத்தம் புதிதாக இருக்கலாம். ஏழாம் எண் லேத்தில் நானும் என் நண்பர்கள் இருவரும் இன்ஸ்ட்ரக்டர் அனுமதியோடு அளந்தோம். துளையில் 42 மி.மீ. ஆழம் வரை முழு மரை வெட்டியிருக்கிறார்கள். போல்ட் இறங்கியது 20 மி.மீ. மட்டுமே. கீழே 22 மி.மீ. நல்ல மரை கன்னி கழியாமல் இருக்கிறது! அரை அங்குலத்தின் ஒன்றரை மடங்கு 19 மி.மீ. தானே? விதிக்கு மேலேயே இருக்கிறது. துளை முடியும்வரை போகும் பாட்டமிங் டேப்பால் துடைத்துவிட்டு நீளமான இரண்டு ஸ்டட், இரண்டு நட் போட்டால் லேத் எழுந்து நிற்கும். ஸ்டட்டை விலைக்கு வாங்கவும் வேண்டாம். பக்கத்து லேத்தில் அங்குலத்துக்கு 12 மரை வைத்து நாமே வெட்டலாம். இதற்கா 'கண்டம்'?

இரண்டாவது, பெரிதாக்குவது. அரை அங்குலத் துளையை 13.5 மி.மீ. டிரில் விட்டு, எட்டில் ஐந்து அங்குல மரையாக வெட்டுவது. சுலபம்தான். ஆனால் பிராக்கெட்டின் துளையையும் பெரிதாக்க வேண்டும். ஒரே இயந்திரத்தில் ஒரு போல்ட் மட்டும் வேறு அளவாகிவிடும். அடுத்து வருகிறவர் குழம்பினால் பழைய கதை மறுபடியும் ஆரம்பிக்கும்.

மூன்றாவது, கம்பிச் சுருள். ஹெலிகாயில் என்ற பெயரில் பிரபலம். சாய்சதுர வடிவக் குறுக்குவெட்டுள்ள துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைச் சுருளாகச் சுற்றியிருப்பார்கள். துளையைச் சற்றே பெரிதாக்கி, அதற்கென உள்ள தனி டேப்பால் மரை வெட்டி, சுருளை உள்ளே திருகி, அடியில் உள்ள நாக்கை உடைத்துவிட வேண்டும். உள்ளே பழைய அளவே கிடைக்கும். போல்ட் இனி எஃகில் உராயும், வார்ப்பிரும்பில் அல்ல. சுற்றிலும் உலோகம் குறைவாக உள்ள இடத்துக்கு இது நல்ல வழி. தனி டேப்பும் சுருளும் வாங்க வேண்டும், அது ஒன்றே குறை.

நான்காவது, புஷ் போடுவது. என் மனதுக்குப் பிடித்த வழி இதுதான். ஏனென்றால் இதில் எல்லாமே நம் கையால் ஆகும்! சென்ற செமஸ்டரில் இதை நாங்கள் செய்தே பார்த்துவிட்டோம். பில்லர் டிரில்லிங் மெஷினின் மேசையை இறுக்கும் காதில் மரை போய், துளையிடும்போதே மேசை இறங்கிக்கொண்டிருந்தது. இன்ஸ்ட்ரக்டர் மேற்பார்வையில் ஆறு பேர் சேர்ந்தோம். காதை இன்னொரு மெஷினில் நேராகக் கட்டி, 18.5 மி.மீ. துளையிட்டு, எம் 20, 1.5 பிட்ச் டேப் விட்டோம். மைல்டு ஸ்டீல் ராடில் ஒரு புஷ் கடைந்து, வெளியே எம் 20, 1.5 பிட்ச், உள்ளே 10.5 மி.மீ. துளையிட்டு அரை அங்குல விட்வொர்த் மரை. சாதாரண எம் 20 மரையின் பிட்ச் 2.5 ஆயிற்றே, ஏன் 1.5 என்று கேட்கலாம். பிட்ச் பெரிதானால் மரையின் பள்ளம் ஆழமாகும், புஷ்ஷின் சுவர் மெலியும். 2.5 பிட்ச்சில் சுவர் சுமார் 2.1 மி.மீ. தான் மிஞ்சும். 1.5 பிட்ச்சில் 2.7 மி.மீ. கிடைக்கும். மரைப்பசை தடவி இறுக்கி, புஷ்ஷும் காதும் சேரும் கோட்டில் ஒரு சின்ன கிரப் ஸ்குரூ வைத்துச் சுழலாமல் பூட்டினோம்.

இரண்டு பிற்பகல் வேலை. செலவு? ஸ்கிராப் பெட்டியில் கிடந்த ஒரு ராடுத் துண்டு. டேப் பக்கத்துப் பட்டறையில் இரவல். அன்றிலிருந்து மேசை இறங்கவில்லை!

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். மூன்று ஆண்டுகளில் நாம் எத்தனை ஜாபில் மரை வெட்டுகிறோம்? மதிப்பெண் போட்டதும் அது எங்கே போகிறது? ஸ்கிராப் பெட்டிக்கு! அதே மரையை ஒரு புஷ்ஷில் வெட்டினால் ஒரு இயந்திரத்துக்குள் போய் உட்கார்ந்து இன்னும் இருபது வருடம் உழைக்கும். தப்பாக வெட்டினால் இன்ஸ்ட்ரக்டர் சொல்லத் தேவையில்லை, போல்ட்டே சொல்லிவிடும்.

செய்யக் கூடாதவை

எல்லாவற்றையும் பற்றவைத்து அடைத்துவிட்டால் போச்சு என்பார்கள் சிலர். அவசரப்படாதீர்கள். வார்ப்பிரும்பை ஓரிடத்தில் மட்டும் சூடாக்கினால் சுற்றியுள்ள குளிர்ந்த பகுதி இழுத்துப் பிடிக்கும், விரிசல் விடும். சட்டென்று குளிர்ந்த இடம் வெள்ளை வார்ப்பிரும்பாகிக் கல்லாய் இறுகும், டிரில் ஏறாது. முன்சூடு கொடுத்து, நிக்கல் ராடு வைத்து, மெல்ல ஆறவிடத் தெரிந்தவர் கைக்கே அந்த வேலை. எபாக்சி பசையை அடைத்து மரை வெட்டுவது மூடி, தகடு போன்ற சுமையில்லாத இடத்துக்குச் சரி. விசை வரும் இடத்துக்கு வேண்டாம்.

விரிசல் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடி தூவினால் விரிசலில் ஒளிந்திருக்கும் மண்ணெண்ணெய் மேலே வந்து கோடு போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். விரிசல் இருந்தால் மரை வேலையை அங்கேயே நிறுத்த வேண்டும். துளையிட்ட வார்ப்பிரும்புப் பொடியைக் காற்றடித்து ஊதக் கூடாது, கண்ணுக்குத்தான் வந்து சேரும். பிரஷ்ஷால் எடுங்கள், கண்ணாடி போடுங்கள். பளு தூக்கும் கொக்கி மாட்டும் துளை, அழுத்தக் கலன், கிரைண்டிங் வீல் பிடிக்கும் பாகம் இவற்றில் மாணவர் கை வைக்கவே கூடாது. ஒரு துளையைக் காப்பாற்றப் போய் ஒரு கையை இழப்பது புத்திசாலித்தனம் அல்ல.

"சி.என்.சி. காலத்தில் இது எதுக்கு மச்சி?"

இந்தக் கேள்வியை நண்பர்களே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். உலகம் எங்கேயோ போய்க்கொண்டிருக்கும்போது 1961-ஆம் வருடத்து லேத்தைக் கட்டிக்கொண்டு அழுவதா?

சி.என்.சி. வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. வேண்டும், இன்னும் நாலு வேண்டும்! ஆனால் சி.என்.சி. மெஷினின் பெட் பெரும்பாலும் எதில் வார்க்கப்படுகிறது? அதே வார்ப்பிரும்பில்தான். அதிலும் துளை உண்டு, மரை உண்டு, அவசரக்காரன் கையில் தேய்வதும் உண்டு. புரோகிராம் எழுதத் தெரிந்தவன் மரை உதிர்ந்த துளையைப் பார்த்துத் திகைத்து நின்றால் அவனைப் பாதி இன்ஜினியர் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டும் தெரிந்தவனுக்குத்தான் சின்னச் சின்ன யூனிட்டுகளில் மரியாதை. அங்கே மெயின்டனன்ஸ் என்று தனி டிபார்ட்மெண்ட் கிடையாது. ஓட்டுகிறவன்தான் பார்க்க வேண்டும்.

"காயலாங்கடைக்குப் போனாலும் உருக்கி வேறு பொருள் ஆகும்தானே, வீணா போகுது?" என்றும் ஒரு நண்பன் கேட்டான். உருகும், உண்மைதான். இரும்பு திரும்பக் கிடைக்கும். ஆனால் அதில் போட்ட உழைப்பு திரும்பக் கிடைக்குமா? வார்த்து, உள்ளிருக்கும் தகைவு தணிய விட்டு, பிளேன் செய்து, ஸ்கிரேப் செய்து நேராக்கிய பெட் அது. அறுபது வருடத்துக்கு மேல் நின்று, முறுக்கிக்கொள்ள வேண்டியதெல்லாம் முறுக்கி ஓய்ந்துவிட்டது. அதை எடைக்குப் போடுவது தேர்ந்த கொத்தனாரைச் சித்தாள் கூலிக்கு அனுப்புவது மாதிரி.

எல்லாப் பழைய இயந்திரத்தையும் வைத்துக்கொண்டே இருக்க வேண்டுமா? அதுவும் இல்லை. பெட்டில் விரிசல், ஸ்பிண்டில் பேரிங் போயிற்று, கியருக்கு மாற்று கிடையாது என்றால் கௌரவமாக விடை கொடுக்கலாம். நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். 'கண்டம்' என்று எழுதும் முன் அளந்து பார்த்தீர்களா?

அப்பாவின் பாடம்

என் அப்பா கோயம்புத்தூரில் ஒரு பவுண்டரியில் மோல்டிங் வேலை செய்கிறார். மணலை இடித்து, பேட்டர்னை எடுத்து, உருகிய இரும்பை ஊற்றுகிற வேலை. அவருக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். ஏழாம் எண் லேத்தைப் பற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ஒடஞ்சு போச்சுன்னு வீசறதுக்கு முந்தி ஒருக்கா தட்டிப் பாரு கண்ணு. நல்ல காஸ்டிங் மணியாட்டம் பேசும். கீறல் உட்டது டொக்குங்கும். அதைக் கேக்காம எடைக்குப் போடறவனுக்கு இரும்பும் தெரியாது, அதை ஊத்துனவன் பட்ட பாடும் தெரியாது."

மெட்டலர்ஜி புத்தகம் பக்கம் பக்கமாகச் சொல்வதை அவர் காதால் படித்து வைத்திருக்கிறார்! பணிமனைக்குப் போய் பெட்டைச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்த்தேன். மணி மாதிரித்தான் பேசியது. அதன் பிறகுதான் துளையை அளக்க அனுமதி கேட்டோம்.

டிசைன் வகுப்பில் ஒரு விஷயம் சொன்னார்கள். போல்ட்டை இறுக்கும்போது எல்லா மரையும் சுமையைச் சமமாகப் பகிர்ந்துகொள்வதில்லையாம். நட்டுக்குள் முதலாவது மரையே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தாங்குகிறது. அடுத்தது கொஞ்சம் குறைவு, அதற்கடுத்தது இன்னும் குறைவு. அதைக் கேட்டபோது எனக்கு வீட்டு நினைவு வந்தது. ஒரு குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவனும் அந்த முதல் மரை மாதிரித்தான். அப்பாவின் கடன், தங்கையின் படிப்பு, ஊரார் கேள்வி எல்லாம் முதலில் அவன் மேல்தான் விழுகிறது. அப்படிப்பட்டவனுக்குப் பணிமனையில் ஒரு லேத் குறைந்தால் அது ஒரு லேத் மட்டும் குறைவதல்ல. வீட்டில் லேத் வைத்திருக்கும் முதலாளி மகன் சாயந்திரம் போய்ப் பழகிக்கொள்வான். எங்களுக்கு இந்தப் பணிமனையை விட்டால் வேறு பட்டறை ஏது?

பேரவைக்கு ஐந்து கோரிக்கைகள்

குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆகவே நம் மாணவர் பேரவை நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்ல ஐந்து யோசனைகளை வைக்கிறேன்.

ஒன்று: கண்டம் பட்டியலில் உள்ள நான்கு இயந்திரங்களையும் கையெழுத்தாகும் முன் ஆசிரியர்களும் மூன்றாம் ஆண்டு மாணவர்களும் சேர்ந்து ஒருமுறை அளந்து அறிக்கை தரட்டும். உண்மையிலேயே உதவாதது போகட்டும், உதவுவது நிற்கட்டும்.

இரண்டு: ஒவ்வொரு பழைய இயந்திரத்திலும் என்ன மரை என்று பெயின்ட்டால் எழுதி வைப்போம். 'இங்கே அரை அங்குல விட்வொர்த், எம் 12 கூடாது' என்று ஒரு வரி போதும். ஒரு டப்பா பெயின்ட் எத்தனையோ துளைகளைக் காப்பாற்றும்.

மூன்று: ஸ்டோரில் விட்வொர்த் போல்ட்டுகளுக்கும் மெட்ரிக் போல்ட்டுகளுக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டிப் பக்கத்திலேயே சங்கிலியில் கட்டிய மரை அளவி ஒன்று. அளக்காமல் யாருக்கும் போல்ட் இல்லை!

நான்கு: லேத் பயிற்சியில் ஒரு ஜாபாவது பழுதுபார்க்கும் ஜாபாக இருக்கட்டும். புஷ் கடைவது, ஸ்டட் வெட்டுவது, உடைந்த ஸ்டட்டை எடுப்பது என ஒவ்வொரு பேட்சும் ஒரு துளைக்கு உயிர் கொடுத்துவிட்டு வெளியேறட்டும்.

ஐந்து: ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு நோட்டுப் புத்தகம். என்ன பழுது, எந்தத் தேதி, என்ன செய்தோம், எந்த அளவு புஷ், யார் செய்தது என்று எழுதி வைக்க வேண்டும். நமக்குப் பின்னால் வருகிற தம்பி தங்கைகள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஸ்பேனரை எடுப்பார்கள்.

இவற்றில் எதற்கும் லட்சங்கள் தேவையில்லை. அரசாணை தேவையில்லை. ஒரு டப்பா பெயின்ட், ஐந்தாறு நோட்டு, சில டேப்புகள், மாதத்தில் இரண்டு சனிக்கிழமை. மேற்பார்வைக்கு வருகிறேன் என்று இன்ஸ்ட்ரக்டர் ஐயா ஏற்கெனவே சொல்லிவிட்டார். ஆட்களுக்கும் பஞ்சமில்லை, டிரில்லிங் மெஷினைச் சரிசெய்த ஆறு பேரும் தயார். குறைவது ஒரு அனுமதிக் கடிதம் மட்டும்தான். அதை வாங்கித் தருவதற்குத்தானே பேரவை இருக்கிறது?

தோழர்களே, தோழியரே! மலரைப் படித்து முடித்ததும் ஒருமுறை மெஷின் ஷாப்புக்கு வாருங்கள். கையில் ஒரு மரை அளவி, ஒரு டார்ச், ஒரு ஆழமானி இருந்தால் போதும். இரண்டு ஸ்டட்டுக்கான ராடை வெட்டி எடுத்து வைத்திருக்கிறோம். அங்குலத்துக்கு 12 மரை. யார் முதலில் வெட்டுவது என்று கூச்சப்படுகிறவர்களிடம் கேட்டுவிட்டு, அவர்களையே முதலில் ஹேண்டிலைப் பிடிக்கச் சொல்லப் போகிறோம்.